மரபணு மாறாமலே மாறும் செல்கள்: ஒரு சூதாட்ட மெஷினில் தொடங்கிய கதை

இந்த எபிசோட் ஒரு கேள்வியில இருந்து வந்தது. புற்றுநோயும் பரிணாமமும் பற்றிப் பேசின எபிசோடைக் கேட்டுட்டு ஒருத்தர் எழுதியிருந்தார்: "மருந்து வேலை செய்யுது, கட்டி சுருங்குது, ஒரு வருஷம் கழிச்சு திரும்ப வந்துடுது. மரபணுவுல மியூட்டேஷன் வந்திடுச்சுன்னு சொல்றாங்க. எப்பவும் அதுதான் காரணமா?"

சுருக்கமான பதில், இல்லை. நீளமான பதிலுக்கு நாம 1943ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக்குப் போகணும். புளூமிங்டன் ஊர், பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான ஒரு நடன விருந்து. ஹாலின் ஓரத்தில் காசு போட்டு ஆடும் சூதாட்ட மெஷின் ஒன்று. ஒரு சக ஆசிரியர் அதில் காசைப் போட்டுக்கொண்டே இருக்கிறார், தோற்றுக்கொண்டே இருக்கிறார். பக்கத்தில் நின்று அவரைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தவர் பெயர் சால்வடோர் லூரியா. திடீரென்று மெஷின் கொத்தாகக் காசைக் கொட்டியது. ஆடினவர் லூரியாவை ஒரு முறை முறைத்துவிட்டு காசை எடுத்துக்கொண்டு போய்விட்டார். லூரியாவுக்கு அந்த இடத்திலேயே ஒரு சோதனைக்கான யோசனை கிடைத்தது.

லூரியா இத்தாலியின் டூரின் நகரில் பிறந்த யூதர். முசோலினியின் இனச் சட்டங்கள் வந்தபிறகு பாரிஸுக்குப் போனார். நாஜிப் படை பிரான்ஸுக்குள் வந்ததும் அங்கிருந்தும் தப்பி, 1940ல் அமெரிக்கா வந்து சேர்ந்தார். டூரினை ஞாபகம் வச்சுக்கோங்க, கதையில திரும்ப வரும்.

அவரைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி இதுதான். கோடிக்கணக்கான பாக்டீரியா மீது அவற்றைக் கொல்லும் வைரஸை ஊற்றுகிறோம். கிட்டத்தட்ட எல்லாம் செத்துப்போகும். ஒரு சில மட்டும் பிழைக்கும், அவற்றின் பிள்ளைகளும் அந்த வைரஸுக்கு அசையாது. வைரஸ் வந்து தொட்டதால்தான் இந்தச் சிலது மாறினதா? இல்லை, வைரஸ் வருவதற்கு முன்பே தற்செயலாக மாறியிருந்ததா?

சூதாட்ட மெஷின் இதற்கு எப்படி உதவும்? தனித்தனி டியூப்களில் பாக்டீரியாவை வளர்ப்போம். வைரஸ் தொட்டபிறகுதான் மாற்றம் வருகிறது என்றால், எல்லா டியூப்பிலும் பிழைத்தவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். முன்பே தற்செயலாக மாறுகிறது என்றால் கதையே வேறு. ஒரு டியூப்பில் வளர்ச்சியின் ஆரம்பத்திலேயே ஒரு பாக்டீரியா மாறியிருந்தால், அதன் வம்சம் பெருகி நூற்றுக்கணக்கில் நிற்கும். இன்னொரு டியூப்பில் ஒன்றுமே இருக்காது. அதாவது பெரும்பாலும் பூஜ்யம், எப்போதாவது ஜாக்பாட். லூரியா சோதனை செய்தார், ஜாக்பாட் வந்தது. நாஷ்வில்லில் இருந்த மாக்ஸ் டெல்ப்ரூக் கணக்கு போட்டார். இருவரும் 1943லேயே கட்டுரை வெளியிட்டார்கள். 1969ல் ஆல்ஃப்ரெட் ஹெர்ஷியுடன் சேர்த்து இவர்களுக்கு நோபல் பரிசு.

எனக்கு இது உயிரியல் வரலாற்றிலேயே ரொம்பப் பிடிச்ச சோதனை. மைக்ராஸ்கோப்பே வேண்டாம், எண்ணத் தெரிஞ்சா போதும். டிஎன்ஏவின் வடிவம் தெரிய இன்னும் பத்து வருஷம் இருக்கும்போது, வெறும் எண்களின் சிதறலை வைத்து ஒரு கேள்வியை முடித்துவைத்தார்கள். ஆனா அதோட வெற்றி ஒரு நிழலையும் விட்டுட்டுப் போச்சு. "ஒரு செல் மருந்துக்குத் தப்பினா, அதுக்கு முன்னாடியே மியூட்டேஷன் இருந்திருக்கணும்" என்பது கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளும் முதல் ஊகமாகவே ஆகிவிட்டது.

சரியாக அடுத்த வருடம், 1944ல், டப்ளினைச் சேர்ந்த ஜோசப் பிக்கர் என்ற பாக்டீரியா நிபுணர் லான்செட் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். போர்க்காலம், பெனிசிலின் புதுசு. ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா மீது பெனிசிலினைப் போட்டால் ஏறக்குறைய பத்து லட்சத்துக்கு ஒன்று பிழைத்தது. லூரியா கதைப்படி இவை மாறிப்போன வம்சமாக இருக்கவேண்டும். பிக்கர் அந்தப் பிழைத்தவற்றை எடுத்து, மறுபடி வளர்த்து, மறுபடி பெனிசிலின் கொடுத்தார். பிள்ளைகள் வழக்கம்போலச் செத்தன. திரும்பவும் ஒரு சிலது மட்டும் பிழைத்தது.

இந்தப் பிழைப்பு, வம்சத்துக்குப் போகிற சொத்து இல்லை, அந்த நேரத்தில் அந்தச் செல் இருந்த நிலை. பெனிசிலின் பாக்டீரியா தன் சுவரைக் கட்டும் வேலையில் கைவைக்கிற மருந்து. வளராமல் சும்மா கிடக்கும் பாக்டீரியா சுவரே கட்டாது, அதனால் மருந்துக்குப் பிடி கிடைக்காது. ஏரி வத்தினா நத்தை சேத்துக்குள்ள போய் ஓட்டை மூடிக்கிட்டுக் கிடக்கும், மழை வந்தா எழுந்து வரும், அதுபோல. பிக்கர் இவற்றுக்கு "பெர்சிஸ்டர்" என்று பெயர் வைத்தார். விடாப்பிடிகள் என்று சொல்லலாம். அவர் ஒரு வைத்திய யோசனையும் சொன்னார்: மருந்தை விட்டு விட்டுக் கொடுங்கள். மருந்து இல்லாத இடைவெளியில் விடாப்பிடிகள் விழித்துக்கொண்டு வளரும், அப்போது அடியுங்கள். இந்த யோசனையையும் ஓரமா வச்சுக்கோங்க.

பிக்கரின் கட்டுரை பல பத்தாண்டுகள் பெரிசா யாராலும் கண்டுகொள்ளப்படாமல் கிடந்தது. 2004ல் நதாலி பலபான் குழு, ஒவ்வொரு பாக்டீரியாவையும் நுண்குழாய்களில் வரிசையாக வைத்துப் படம் பிடித்து, மருந்து வருவதற்கு முன்பே சில செல்கள் தூங்கிக்கொண்டிருந்ததைக் கண்ணாலேயே காட்டியது. அப்புறம்தான் அந்தத் துறை வேகமெடுத்தது.

இங்க கொஞ்சம் என் வேலை மொழியில சொல்றேன். ஒரே பில்ட், நூறு சர்வர்ல ஓடுது. ஒரு மோசமான ரிக்வெஸ்ட் வருது, 99 சர்வர் விழுந்திடுது, ஒண்ணு நிக்குது. நிக்கிற சர்வரோட கோடை எடுத்து டிஃப் பார்த்தா ஒரு வரிகூட வித்தியாசம் இல்ல. ஏன் நின்னுச்சு? அந்த நொடியில அதோட மெமரியில இருந்த நிலை வேற. ரீஸ்டார்ட் பண்ணிட்டு அதே ரிக்வெஸ்டை அனுப்பினா அதுவும் விழும். லூரியா கண்டது கோடில் வந்த மாற்றம். பிக்கர் கண்டது நிலையில் வந்த மாற்றம். இந்த உவமை முழுசா பொருந்தாது, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

நம் உடம்பே இதற்குச் சாட்சி. கல்லீரல் செல்லுக்கும் மூளை செல்லுக்கும் ஒரே டிஎன்ஏதான். சுமார் 2 மீட்டர் நீள டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றி மடிக்கப்பட்டு ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதை அந்த உருண்டைகள் மீது ஒட்டியிருக்கும் வேதியியல் அடையாளங்கள் பெருமளவு தீர்மானிக்கின்றன. கான்ராட் வாடிங்டன் 1957ல் இதற்கு ஒரு படம் வரைந்தார்: மலைச்சரிவில் உருளும் ஒரு பந்து, கீழே பிரிந்து பிரிந்து போகும் பள்ளத்தாக்குகள். பந்து எந்தப் பள்ளத்தில் போய் நிற்கிறதோ அதுதான் செல்லின் வகை. கேள்வி என்னன்னா, புற்றுநோய் செல்லும் இப்படி ஒரு பள்ளத்தில் விழுந்த பந்தா? மேடு தாண்டி வேறு பள்ளத்துக்குப் போகமுடியுமா?

இப்ப ஃபிலடெல்ஃபியா. 1970களின் நடுவில் இந்த ஒரே நகரத்தில் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் பார்க்கும் இரண்டு வேலைகள் வெளிவந்தன.

முதலாவது எலிகள். டெரட்டோகார்சினோமா என்று ஒரு கட்டி உண்டு, கருவில் இருக்கும் ஆரம்பச் செல்களைப் போன்ற செல்களால் ஆனது. எலிக்குள் வைத்தால் எலியைக் கொன்றுவிடும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் பிரின்ஸ்டர் அந்தச் செல்களை எடுத்து, சில நாளே ஆன எலிக் கருவுக்குள் ஊசியால் விட்டார். எலி பிறந்து வளர்ந்தது. அதன் தோலில், கட்டிச் செல்லின் வம்சத்திலிருந்து வந்த நிறத்தில் முடி இருந்தது. இது 1974. அடுத்த வருடம் அதே நகரின் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் பியாட்ரிஸ் மின்ட்ஸும் கார்ல் இல்மென்சீயும் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார்கள். எட்டு வருடமாக எலிக்கு எலி மாற்றி மாற்றிக் கட்டியாகவே வளர்க்கப்பட்ட செல்கள், கருவுக்குள் போனதும் ரத்தம், சிறுநீரகம், தோல் என்று ஒழுங்காக வேலை பார்க்கும் உறுப்புகளாயின. அப்படிப் பிறந்த ஓர் ஆண் எலியின் விந்தணுவே அந்தச் செல்லிலிருந்து வந்தது, அதற்குக் குட்டிகளும் பிறந்தன. எட்டு வருஷம் கொலைகாரனா இருந்த செல், அப்பாவா ஆயிடுச்சு. டிஎன்ஏவில் யாரும் எதையும் திருத்தவில்லை. சுற்றியிருந்த இடம்தான் மாறியது.

இரண்டாவது, 1976ல் சயன்ஸ் இதழில் வந்த பீட்டர் நோவலின் கட்டுரை. இவரும் பென்சில்வேனியா பல்கலைக்கழகம்தான். 1960ல் டேவிட் ஹங்கர்ஃபோர்டுடன் சேர்ந்து ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் குட்டையான குரோமோசோம் ஒன்றைக் கண்டுபிடித்தவர், ஃபிலடெல்ஃபியா குரோமோசோம் என்று அதற்கு அந்த ஊர் பெயரே நிலைத்துவிட்டது. நோவல் சொன்னது: கட்டி ஒரே ஒரு செல்லிலிருந்து கிளம்புகிறது. பிரியும்போது மரபணு மாற்றங்கள் சேர்கின்றன. பிழைக்கத் தெரிந்த கிளை பெருகுகிறது, மற்றது மடிகிறது. சுருக்கமா, உடம்புக்குள்ள ஒரு டார்வின்.

இந்த இரண்டில் நோவல் ஜெயித்தார் என்றுதான் சொல்லணும், அதுக்கு நியாயமும் இருந்தது. மின்ட்ஸின் கட்டி ஒரு விசேஷ வகை, சாதாரண நுரையீரல் புற்றுநோயையோ குடல் புற்றுநோயையோ கருவுக்குள் விட்டு நல்லவனாக்க முடியாது. நோவலின் கருத்துக்கோ மேலே மேலே ஆதாரம் குவிந்தது. ஃபிலடெல்ஃபியா குரோமோசோம் உருவாக்கும் புரதத்தைக் குறிவைத்து செய்த இமாடினிப் மாத்திரைக்கு 2001ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. கோடில் பிழை எங்கேன்னு கண்டுபிடிச்சு, அதுக்கு மட்டும் ஒரு பேட்ச். எங்களை மாதிரி ஆட்களுக்கு இதைவிட இனிப்பான கதை கிடையாது.

நடுவில் ஷாங்காயில் நடந்த ஒன்றைத் தாண்டிப் போக எனக்கு மனசில்லை. 1985ல் வாங் ஷென்யி என்ற மருத்துவர், அக்யூட் ப்ரோமைலோசைடிக் லுக்கேமியா வந்து சாகும் நிலையில் இருந்த 5 வயது சிறுமிக்கு, விட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மருந்தைக் கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். 1988ல் அவர் குழு வெளியிட்ட கணக்கில் 24 நோயாளிகள். அதில் 23 பேருக்கு இந்த ஒரு மருந்திலேயே நோய் அடங்கியது. கீமோதெரபி மாதிரி இது செல்லைக் கொல்லவில்லை. பாதி வழியில் வளர்ச்சி நின்றுபோய்ப் பெருகிக்கொண்டே இருந்த வெள்ளை அணுக்களை முழுசாக முதிர வைத்தது. முதிர்ந்த அணு அதன் இயல்பான ஆயுளை வாழ்ந்து சாகும். குரோமோசோம் உடைந்து ஒட்டிய அந்தப் பிழை செல்லுக்குள் அப்படியேதான் இருந்தது, செல்லின் நடத்தை மட்டும் மாறியது. இது மட்டும் கொடுத்தால் நோய் திரும்பி வந்தது, கீமோவும் பின்னாளில் ஆர்சனிக்கும் சேர்ந்தபிறகுதான் அது பெரும்பாலும் குணமாகும் நோயானது.

இனி நுரையீரல். இங்கதான் கேள்வி எனக்கும் சொந்தமானது. என் அத்தை வாழ்க்கையில ஒரு பீடி சிகரெட் பக்கத்துல போனது கிடையாது, அவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய். ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் மாற்றம் இருக்கு, தினம் ஒரு மாத்திரை போதும்னு சொன்னாங்க. இருமல் ரெண்டு வாரத்துல நின்னுச்சு. வீட்டுல எல்லாரும் அந்த மாத்திரை டப்பாவை சாமி படத்துக்குப் பக்கத்துல வைக்காத குறை. 14 மாசம். அப்புறம் ஸ்கேன்ல திரும்ப புள்ளிகள். மாமா கேட்டது ஒரே கேள்வி: "ஒரு நாள்கூட விடாமத்தானே குடுத்தேன், ஏன் திரும்ப வந்துச்சு?"

அந்த மருந்து வகையின் வரலாறு குறுகியது. ஜெஃபிடினிப் 2002ல் ஜப்பானிலும் 2003ல் அமெரிக்காவிலும் வந்தது. சிலருக்கு மட்டும் அதிசயம் மாதிரி வேலை செய்தது, பலருக்கு ஒன்றும் செய்யவில்லை. 2004ல் பாஸ்டனில் இருந்த குழுக்கள் காரணத்தைக் கண்டுபிடித்தன: யாருடைய கட்டியில் ஈஜிஎஃப்ஆர் மரபணு மாறியிருக்கிறதோ அவர்களுக்குத்தான் கேட்கிறது. புகை பிடிக்காதவர்கள், பெண்கள், ஆசியர்கள் மத்தியில் இது அதிகம். 2005ல் நோய் திரும்புவதற்கும் ஒரு காரணம் கிடைத்தது: அதே புரதத்தில் 790ஆவது இடத்தில் இன்னொரு மாற்றம், டி790எம். நோய் திரும்பியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இது இருந்தது. அதற்கும் ஒரு மருந்து, ஒசிமெர்டினிப், 2015ல் அனுமதி பெற்றது. நோவல் சொன்ன கதை அச்சு அசலாக.

மீதிப் பாதி? அதோட இன்னொரு உறுத்தல். நோய் திரும்பியபின் மருந்தை நிறுத்தி, சில மாதம் வேறு சிகிச்சை எடுத்து, மறுபடி அதே மாத்திரையை ஆரம்பித்தால் சிலருக்கு அது மறுபடி வேலை செய்தது. மியூட்டேஷன்தான் காரணம் என்றால் அது எங்கே போனது? மருந்து இல்லாதபோது பழைய கிளை திரும்ப மேலோங்கியிருக்கலாம், அது ஒரு நியாயமான விளக்கம். வேறொன்றும் இருக்கலாம்.

மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெஃப்ரி செட்டில்மேன் ஆய்வகம் இதை எடுத்துக்கொண்டது. ஸ்ரீநாத் ஷர்மா முதல் ஆசிரியராக 2010ல் செல் இதழில் வந்த கட்டுரை அது. பிசி9 என்ற நுரையீரல் புற்றுநோய் செல்கள், மருந்துக்கு நன்றாக மசிபவை. அவற்றுக்குத் தேவையைவிடப் பல மடங்கு அதிக அளவில் மருந்தைக் கொடுத்தார்கள். ஒன்பது நாள் கழித்து சுமார் 0.3 சதவீதம் பிழைத்திருந்தது. அதாவது ஆயிரத்துக்கு மூன்று. பெரும்பாலானவை பிரியவே இல்லை, சும்மா கிடந்தன. அவற்றை எடுத்து மருந்து இல்லாமல் வளர்த்தார்கள். மறுபடி மருந்துக்கு மசியும் செல்களாகின. டி790எம் இல்லை.

அறுபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி பிக்கர் பெனிசிலின்ல பார்த்த அதே விஷயம். ஷர்மாவும் மற்றவர்களும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள்: மருந்தைத் தாங்கும் பெர்சிஸ்டர்கள். அதோடு நிற்காமல், எப்படி என்றும் தோண்டினார்கள். ஹிஸ்டோனில் இருக்கும் "திற" என்ற அடையாளங்களை அழிக்கும் கேடிஎம்5ஏ என்ற நொதி இந்தச் செல்களில் கூடியிருந்தது. அதைக் குறைத்தால் விடாப்பிடிகளின் எண்ணிக்கை விழுந்தது. ஹிஸ்டோன் அடையாளங்களைக் குழப்பும் மருந்தை ஜெஃபிடினிபுடன் சேர்த்தால் அவை செத்தன. ஆக, கோடை எப்படி மடிச்சு வச்சிருக்காங்கிறதுலதான் உயிர் பிழைச்சிருக்கு.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி. இந்தச் செல்கள் மருந்துக்கு முன்பே வித்தியாசமாக இருந்தனவா, மருந்து பட்டபின் மாறினவா? லூரியா கேட்ட கேள்விதான். பதிலையும் லூரியா வழியிலேயே தேடினார்கள், அதுவும் பீட்டர் நோவல் இருந்த அதே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். அர்ஜுன் ராஜின் ஆய்வகம், சிட்னி ஷாஃபர் முதல் ஆசிரியர், 2017, நேச்சர் இதழ். நோய் இப்போது மெலனோமா, தோல் புற்றுநோய். மருந்து வெமுராஃபெனிப். செல்களைத் தனித்தனித் தட்டுகளில் வளர்த்து, மருந்து கொடுத்து, பிழைத்த கூட்டங்களை எண்ணினார்கள். மியூட்டேஷன் என்றால் ஜாக்பாட் வரணும். வரல. தட்டுக்குத் தட்டு எண்ணிக்கை ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது.

அப்போ மருந்து பட்டபின்தான் மாறினதா? அதுவும் முழுசா இல்லை. மருந்து கொடுப்பதற்கு முன்பே மிகச் சில செல்களில், எதிர்ப்போடு சம்பந்தப்பட்ட சில மரபணுக்கள் கூட்டமாக, உரக்கப் பேசிக்கொண்டிருந்தன. அந்த நிலை கொஞ்ச காலம் இருக்கும், பிறகு அடங்கும், வேறொரு செல்லில் எழும்பும். மருந்து விழும் நேரத்தில் யார் அந்த நிலையில் இருக்கிறார்களோ அவர்கள் பிழைக்கிறார்கள். அதற்குப் பிறகு மருந்தே மெதுவாக, நாட்கணக்கில், அந்த நிலையை உறைய வைத்து நிரந்தரமாக்குகிறது. சர்வர் உவமை உடையும் இடம் இதுதான். சர்வர் ரீஸ்டார்ட் ஆனா நிலை போயிடும். செல்லோ தன் நிலையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்குது, சிலது சில தலைமுறைக்கு, சிலது ரொம்ப நாளைக்கு. கோடும் இல்ல, வெறும் மெமரியும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு.

இதைக் கேட்டுட்டு "அப்போ மரபணு கதை பொய்யா"ன்னு கேக்காதீங்க. வாட்ஸ்அப்ல "எபிஜெனடிக்ஸ்" என்ற வார்த்தையைப் போட்டு கஷாயம் விக்கிறவங்க அதைத்தான் சொல்றாங்க. ஆதாரம் சொல்வது வேறு. பாஸ்டன் குழு ஒன்று, 2016ல் ஆரன் ஹாட்டா முதல் ஆசிரியராக, அதே பிசி9 செல்களை வைத்துக் காட்டியது: டி790எம் உள்ள கிளைகள் இரண்டு வழியில் வருகின்றன. சிலதில் அது முன்பே இருந்தது, மருந்து வந்ததும் சீக்கிரம் மேலே வந்தது. மற்றவை விடாப்பிடிகளாகப் பதுங்கிக் கிடந்து, பல மாதம் கழித்து, அந்தப் பதுங்கலுக்குள் இருக்கும்போதே டி790எம் பெற்றன. நிலையால் வாங்கின அவகாசத்தில் கோடு மாறுகிறது. லூரியா, பிக்கர் இருவருமே சரி, ஒரே தட்டில்.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு, அதற்காகத்தான் டூரினை ஞாபகம் வைக்கச் சொன்னேன். லூரியா பிறந்த அந்த ஊரில் ஆல்பர்ட்டோ பர்டெல்லி குழு குடல் புற்றுநோய் செல்களை ஆராய்ந்தது. மருந்தின் அழுத்தத்தில் இருக்கும்போது இந்தச் செல்கள், டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் தங்கள் சொந்த இயந்திரத்தையே தணித்துக்கொள்கின்றன என்று 2019ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். 2022ல், லூரியா டெல்ப்ரூக் சோதனையையே விடாப்பிடிகளுக்கு ஏற்ற மாதிரி திருத்தி அமைத்து, அவற்றில் மியூட்டேஷன் நடக்கும் வேகம் பல மடங்கு ஏறியிருப்பதை அளந்தார்கள். சூதாட்ட மெஷின் 79 வருஷம் கழிச்சு சொந்த ஊருக்கு வந்து சேர்ந்திருக்கு.

2022 ஜனவரியில் டக்ளஸ் ஹனஹான், புற்றுநோயின் அடையாளங்கள் என்று 2000லிருந்து ராபர்ட் வைன்பெர்குடன் சேர்ந்து அவர் பராமரித்துவரும் பட்டியலைப் புதுப்பித்தபோது, செல் தன் வகையையே மாற்றிக்கொள்ளும் நெகிழ்வையும் மியூட்டேஷன் இல்லாத எபிஜெனடிக் மாற்றத்தையும் அதில் சேர்த்தார்.

இப்ப ஓரமா வச்ச பிக்கரின் யோசனைக்கு வருவோம். இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிறவங்கள்ல யாராவது வீட்டுல மாத்திரை எடுத்துக்கிட்டு இருக்கலாம், அதனால இந்தப் பகுதியைக் கவனமா கேளுங்க. விடாப்பிடிகள் மருந்து இல்லாதபோது விழித்துக்கொண்டு மசியும் செல்களாகும் என்றால், மருந்தை விட்டு விட்டுக் கொடுத்தால் நோய் திரும்புவது தள்ளிப்போகுமே? தர்க்கம் அழகாக இருக்கிறது. எலிகளில் மெலனோமாவில் நல்ல பலனும் வந்தது. மனிதர்களில் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவில் நடந்த எஸ்1320 என்ற சோதனை, முடிவு 2020ல் வந்தது. மெலனோமா நோயாளிகள், இரண்டு மருந்துக் கூட்டு. தொடர்ந்து எடுத்தவர்களில் நோய் மறுபடி தலைதூக்காமல் இருந்த இடைநிலைக் காலம் 9 மாதம். விட்டு விட்டு எடுத்தவர்களுக்கு 5.5 மாதம். விட்டு விட்டுக் கொடுத்தது தோற்றது, அதுவும் தெளிவாக. தட்டில் இருக்கும் செல்லுக்கும் உடம்பில் இருக்கும் கட்டிக்கும் நடுவில் ரத்தக்குழாய், நோய் எதிர்ப்பு அணுக்கள், சுற்றியிருக்கும் திசு என்று ஒரு உலகமே இருக்கிறது. அதனால, யாரும் நீங்களா மாத்திரையை நிறுத்தி "லீவ்" விடாதீங்க.

இப்போதைய முயற்சி வேறு பக்கம் இருக்கு. பதுங்கிக் கிடக்கும் நிலைக்கே உரிய பலவீனம் ஏதாவது உண்டா என்று தேடுகிறார்கள். 2017ல் இரண்டு குழுக்கள் ஒன்றைக் காட்டின: விடாப்பிடிகள் ஜிபிஎக்ஸ்4 என்ற நொதியை ரொம்பச் சார்ந்திருக்கின்றன, அதை முடக்கினால் அவற்றின் சவ்வில் உள்ள கொழுப்பு, துருப்பிடிப்பது போல ஆக்சிஜனேற்றமாகிச் செத்துப்போகின்றன. சாதாரணச் செல்களும் அந்த நொதியை நம்பித்தான் இருக்கின்றன என்பதால் அதை மருந்தாக்குவது லேசான வேலை இல்லை.

மாமாவோட கேள்விக்கு வரேன். அத்தையோட ரத்தத்துல எடுத்த டெஸ்ட்ல டி790எம் இருந்தது, அடுத்த மாத்திரைக்கு மாத்தினாங்க. அந்தச் செல் முதல் நாளே அங்க இருந்ததா, இல்ல அந்த 14 மாசத்துல எங்கயோ ஒரு மூலையில ஓட்டை மூடிக்கிட்டுக் கிடந்து அப்புறம் மாறினதான்னு அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாத்திரை விடாமக் குடுத்ததுல எந்தத் தப்பும் இல்லைன்னு மட்டும் மாமாகிட்ட சொன்னேன்.

அடுத்த எபிசோட்ல ஃபிலடெல்ஃபியா குரோமோசோம்ல இருந்து இமாடினிப் வரைக்கும் ஆன நாற்பது வருஷத்தைத் தனியா பேசலாம்னு இருக்கேன். கேள்விகளை அனுப்புங்க.